சுத்தமான சத்தம்

செப்டம்பர் 3, புதன்

ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று என் மேலதிகாரி ஹரிகரன் ஆசை காட்டித்தான் அனுப்பினார். திறந்தேன். பஞ்சு கோடவுன் தெரிகிறது. இரண்டு மாதம் இங்கேதான் குப்பை கொட்ட வேண்டும்.

ராஜபாளையத்தைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது இந்த நூல் மில். இரண்டாவது ஷெட்டுக்குள் இன்று முதல் முறையாக நுழைந்தேன். சத்தம் என்று சொன்னால் போதாது, நெஞ்சுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்பின்னிங் மாஸ்டர் சௌந்தரராஜன் என் காதருகே வாயை வைத்துக் கத்தினார். ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டி வைத்தேன். அங்கே வேலை செய்யும் பெண்களோ கத்துவதே இல்லை. இந்தக் கோடியில் ஒருத்தி உதட்டை அசைக்கிறாள், அந்தக் கோடியில் இன்னொருத்தி சிரிக்கிறாள். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் கருவி இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்தது. சாதாரண மைக் காற்றில் வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். எங்களுடையது கழுத்தில் கட்டும் பட்டை, தொண்டைத் தோலின் அதிர்வை மட்டும் எடுக்கும். பக்கத்தில் இடி விழுந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இடுப்பில் ஒரு குட்டிக் கணினி, காதை முழுக்க மூடும் ஹெட்செட். நூல் அறுந்தால், மெஷின் அடைத்துக்கொண்டால், நின்ற இடத்திலிருந்தே எல்லாருக்கும் சொல்லிவிடலாம்.

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறைக்கு மேல் மாடியில் வளர்ந்தவள் நான். அம்மா கூப்பிட்டு ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை. அமைதியின் அருமையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஷெட்டில் எல்லாருக்கும் பட்டை கட்டிவிட்டேன். தாலிக்கயிறு பெரிய தலைவலி. நடக்கும்போது தாலி ஆடி, பட்டையில் தட்டித் தட்டிக் காதில் தாளம் போடுகிறது. ரவிக்கைக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொள்ளச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார்கள். கார்டிங்கில் நிற்கும் குருவம்மாதான் முதலில் ஊக்கை வாங்கிக் குத்திக்கொண்டார். "இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்ல, ஆட்டிக் காமிக்கணுமா?" என்றதும் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள்.

கார்டிங் என்பது பஞ்சை முள் உருளையில் சீவி, விரல் தடிமனுக்குக் கயிறாக்கி, உயரமான டப்பாவில் இறக்கும் வேலை. குருவம்மாவுக்கு எதிர் மெஷினில் பேச்சித்தாய். இருவரும் ஒரே தெரு, ஒரே ஆட்டோவில் வருகிறார்கள், ஒரே தூக்குவாளியில் கை விடுகிறார்கள். பேச்சித்தாய்க்கு வாய் ஜாஸ்தி. பட்டையைக் கட்டும்போது, "மேடம், மணி மட்டும்தான் பாக்கி. அதையும் கட்டிவிட்டா மேயப் போயிரலாம்" என்றாள்.

அவசரத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். "நில்லு" என்றால் அவரவர் மெஷின் நின்றுவிடும். குருவம்மா சொல்லிப் பார்த்தார், மெஷின் நின்றது. வீட்டுக்காரரை நிறுத்துவதற்கும் இப்படி ஒன்று உண்டா என்று கேட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தொண்டையை மட்டும் கேட்பதில் உள்ள சங்கடம், தொண்டை சும்மாவே இருப்பதில்லை. இருமல், செருமல், எச்சில் விழுங்குவது, வெற்றிலை மெல்வது, ஏப்பம், முனகல். எல்லாம் எல்லார் காதிலும். ஒருத்தி நாள் முழுக்க மாமியாரை முணுமுணுத்துத் திட்டுகிறாள், மாமியார் பக்கத்து வரிசையில் நிற்பதையும் மறந்து.

ஒவ்வொன்றுக்கும் மாதிரி எடுத்து, 'இது பேச்சு அல்ல' என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்து வடிகட்ட வேண்டும். இருமல் இன்று ஒழிந்தது. நாளை வெற்றிலை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதியம், கருவியைக் கழற்றிச் சார்ஜில் போட்டிருந்த நேரம். ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு குலவை. கோயில் கொடையில் முளைப்பாரி தூக்கும்போது போடுவார்களே, அதேதான். ஒன்று முடிவதற்குள் இன்னொருத்தி எடுத்தாள், அவளிடமிருந்து அடுத்தவள். மெஷின் சத்தத்துக்கு மேல் அது தனியாகக் கேட்டது. மேஸ்திரி அந்தோணி எங்கிருந்தோ ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கினார். ஒரு மெஷினில் ஓடும் பெல்ட் அறுந்து சாட்டை போல் சுழன்றுகொண்டிருந்ததாம்.

அந்தோணியிடம் விசாரித்தேன். "கத்துனா பக்கத்துல நிக்கிறவளுக்கே கேக்காது மேடம். கொலவ ஒண்ணுதான் மெஷினத் தாண்டும். ஒருத்தி போட்டா, கேட்டவ அடுத்துப் போடணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது. ஏங் காதுக்கு வந்து சேர்ற வரைக்கும் விடக் கூடாது. சண்டக்காரியா இருந்தாலும் பதிலுக்குப் போட்டே ஆகணும், அதான் இந்த ஷெட்டு வழக்கம்" என்றார்.

சுவாரசியமான ஏற்பாடுதான். "நில்லு" வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

டீ வேளையில் எனக்கும் குலவை போடச் சொல்லித் தந்தார்கள். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, ஆட்டுக்குட்டிக்கு ஜலதோஷமா என்று கேட்டாள் பேச்சித்தாய். குருவம்மா போட்டுக் காட்டியதில் மட்டும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூச்சை எங்கே வைத்திருக்கிறாரோ தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

வெற்றிலை ஒழிந்தது. மாமியாரைத் திட்டுவதையும் பெரும்பாலும் ஒழித்துவிட்டேன். குடும்பத்தில் சமாதானம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மானம் போனது.

மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. மில் டைரக்டர் வந்திருந்தார். கருவியைக் காட்ட வேண்டும் என்று எல்லாப் பெண்களுக்கும் பட்டை கட்டி, டைரக்டர் காதில் ஹெட்செட்டை நானே மாட்டினேன். பூசணி உடைந்ததும் அத்தனை பேரும் சேர்ந்து குலவை போட்டார்கள். அவ்வளவும் ஒன்றாக டைரக்டர் காதுக்குள் இறங்கியது. ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தார். அது போய் விழுந்தது பொரி கடலைத் தாம்பாளத்தில். வெகு நேரம் காதைப் பொத்திக்கொண்டே நின்றார்.

ஹரிகரன் போனில் கத்தவில்லை. அதுதான் பயம். "மது, குலவையை எடுத்துடு" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 4, சனி

எடுத்துவிட்டேன்.

இரண்டு நாளாகப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பட்டை கட்டிக் குலவை போடச் சொல்லி மாதிரி எடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டும் இடித்துக்கொண்டும் வந்தார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிகம் கொடுத்தது குருவம்மாதான். மெல்ல, ஓங்கி, விட்டுவிட்டு, ஒரே மூச்சில். "இன்னும் வேணுமா மேடம்?" என்று சளைக்காமல் கேட்டார். வடிகட்டி பெரும்பாலும் அவர் தொண்டையை வைத்துத்தான் கற்றுக்கொண்டது.

ஒருத்தி முடித்தால் அடுத்தவள் ஆரம்பிக்கிற பழக்கம் இருப்பதால் ஒரு வேலை செய்தேன். குலவை என்று தெரிந்த உடனே அந்தப் பட்டையின் வழி அடைபடும். தொண்டை முழுக்க அடங்கிய பிறகுதான் மறுபடி திறக்கும். சோதனைக்காகக் குருவம்மா போட்டார். நான் ஹெட்செட்டில் கேட்டேன். வாய் திறந்திருக்கிறது, நாக்கு ஆடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, என் காதில் ஒன்றுமே இல்லை. ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. ராத்திரி சரியாகத் தூங்காததால் இருக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

டைரக்டர் மறுபடி கேட்டார், முகம் மலர்ந்தது. இனி வேலை நேரம் முழுக்கக் கருவி கட்டாயம். சுவிட்ச் பக்கம் காத்துக் கிடக்க ஆள் வேண்டாம் என்று அந்தோணியைக் கோடவுனுக்கு மாற்றிவிட்டார்கள். வேடசந்தூர்ப் பக்கம் இன்னொரு மில்லுக்கும் இதே வடிவத்தை அனுப்பிவிட்டதாக ஹரிகரன் சொன்னார். "உன் குலவை வடிகட்டியோடதான்" என்று சிரித்தார். தீபாவளிக்கு முன்பே தீபாவளி.

இப்போதெல்லாம் ஷெட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்து உதட்டைப் படிக்க வேண்டிய தேவை இல்லையே. அவரவர் மெஷினை அவரவர் பார்க்கிறார்கள். உற்பத்தி கூடியிருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார்.

அக்டோபர் 15, புதன்

குருவம்மாவுக்கும் பேச்சித்தாய்க்கும் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் கேட்டுச் சிரித்துவிட்டேன். பேச்சித்தாய் மகளுக்குச் சடங்கு. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், வேலையின்போது ஹெட்செட்டிலேயே சொல்லிவிட்டாளாம். "எதுத்தாப்புல நிக்கேன். மூஞ்சியத் தூக்கிக்கூடப் பாக்கல. காதுக்குள்ள அழைக்கா" என்கிறார் குருவம்மா. சடங்குக்குப் போகவில்லை. இப்போது ஆட்டோவிலும் ஆளுக்கொரு பக்கம். நல்ல நேரத்தில் போட்டார்கள் சண்டை, ஹெட்செட்டில் வெட்டிப் பேச்சு குறைந்தது.

அக்டோபர் 25, சனி

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. மழை விடாமல் பெய்கிறது. பஞ்சு ஈரம் குடித்து உருளையில் சுற்றிக்கொள்கிறது, நிமிஷத்துக்கு ஒரு அடைப்பு. கார்டிங் மெஷினின் மூடியைத் திறந்தால் தானாக நிற்கிற வசதி எப்போதோ கெட்டுப் போய்விட்டது, அதைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாஸ்டரிடம் சொன்னேன். "அதான் உங்க நில்லு இருக்கே மேடம்" என்றார். பெருமையாக இருந்தது.

குருவம்மா ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் நீட்டி, கிணற்றுக்குள் இறங்கி நிற்பது போல இருக்கிறது, கொஞ்ச நேரம் இல்லாமல் வேலை பார்க்கட்டுமா என்று கேட்டார். பழகிவிடும் என்று மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று எழுத முடியாது.

அக்டோபர் 29, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குருவம்மாவின் மெஷினில் அடைப்பு. மூடியைத் திறந்து பஞ்சை இழுத்திருக்கிறார். கை போயிற்று. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். யாரும் பார்க்கவில்லை. எதிரில் முதுகைக் காட்டி நின்ற பேச்சித்தாய், காலி டப்பா எடுக்கத் திரும்பியபோது குருவம்மாவின் டப்பாவில் பஞ்சுக் கயிறு சிவப்பாக இறங்குவதைக் கண்டாள். எவ்வளவு நேரமாக இறங்கியது என்று தெரியாது. டப்பாவில் நிறைய இருந்தது.

மெயின் சுவிட்சை இறக்கியது பேச்சித்தாய். அந்தோணி கோடவுனில் இருந்தார்.

கருவியின் பதிவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் குருவம்மாவிடமிருந்து பேச்சு எதுவும் வரவில்லை. "நில்லு" வரவில்லை. சுத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

குருவம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். வலது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்கிறார்கள்.

ஹரிகரன் வந்தார். மாஸ்டர், ஹரிகரன், நான் மூவரும் உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். தாலியை ஊக்குக் குத்தாமல் விட்டதால் பட்டை தளர்ந்திருக்கலாம், அதனால் சொல் பதிவாகாமல் போயிருக்கலாம். இப்படி எழுதலாம் என்று சொன்னது ஹரிகரன். எழுதியது நான். அன்று காலை எல்லாருக்கும் பட்டையைச் சரிபார்த்ததும் நான்தான்.

இடுப்புக் கணினி என் அறையில் இருக்கிறது. வடிகட்டுவதற்கு முந்தைய சத்தமும் அதற்குள் இருக்கும். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பட்டை தளர்ந்திருந்தால் அதில் ஒன்றும் இருக்காது.

நவம்பர் 3, திங்கள்

கேட்டேன்.

பட்டை தளரவில்லை.

முதலில் குலவை. நீளமாக, ஒரே மூச்சில். பிறகு "நில்லு". பிறகு "நில்லு, நில்லு". பிறகு மறுபடி குலவை. நடுவில் நிறுத்துகிறார். யாரோ பதில் போடுவதற்கு இடம் விடுகிறார். பிறகு "பேச்சி".

முதல் குலவையிலேயே வழி அடைத்துக்கொண்டது. தொண்டை அடங்கவே இல்லை, அதனால் திறக்கவும் இல்லை. அவர் சொன்ன எந்த "நில்லு"வும் மெஷினுக்குப் போகவில்லை. நான் எழுதிய வடிகட்டி நான் சொன்னபடியே வேலை செய்திருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் வருகிறாளாம். குருவம்மா உள்ளே விடச் சம்மதிக்கவில்லை. நர்சிடம் சொல்லி அனுப்பிவிட்டார், அவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று. என்னைப் பார்த்து எழுந்துகொண்டவள் ஒன்றும் பேசவில்லை. அந்த வாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

உள்ளே குருவம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதிக் கைக்குக் கட்டு. கழுத்தில் பட்டை அழுத்தி அழுத்திக் கறுத்த தடம் இன்னும் இருந்தது. கம்பெனி பார்த்துக்கொள்ளும், செலவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கொலவ போட்டேன் தாயி" என்றார். "ஒருத்தி எடுக்கல. எல்லாவளும் நிக்காளுக, ஒருத்தி பதிலுக்குப் போடல. சண்டக்காரிக்கும் போடணும்னுதான வழக்கம். சடங்குக்குப் போகாததுக்கா இது? கை போனது போகட்டும். பேச்சி கேட்டுக்கிட்டே நின்னாளே, அதத்தான் என்னால தாங்க முடியல."

கைப்பையில் ஊக்கைப் பற்றி எழுதிய அறிக்கையின் நகல் இருந்தது. இந்த அம்மா கண்ணை மூடித் தூங்கிவிட்டால் நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவர் தூங்கவில்லை.

"அவங்களுக்குக் கேக்கலைங்க" என்றேன். "யாருக்குமே கேக்கல. நீங்க கொலவை போட்டா அது யார் காதுக்கும் போகாத மாதிரி நான்தான் பண்ணி வச்சேன். உங்ககிட்ட வாங்கின கொலவைய வச்சே பண்ணினேன். நீங்க நில்லுன்னு சொன்னதையும் அது மூடிருச்சுங்க."

குருவம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப பேச்சி கேக்கல?"

"கேக்கலைங்க."

"வெளிய உக்காந்திருக்காளா?"

"இருக்காங்க."

"வரச் சொல்லு" என்றார். பிறகு, "நீ போ" என்றார்.

நவம்பர் 6, வியாழன்

உண்மையை எழுதி மில்லுக்கும் ஹரிகரனுக்கும் அனுப்பினேன். மில் மேனேஜர் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பெண்கள் அவரைக் கேட்கவில்லை. பேச்சித்தாய் பட்டையைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள், மற்றவர்களும் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். அந்தோணி யாரும் சொல்லாமலே சுவிட்ச் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

வேடசந்தூர் மில்லில் இன்றும் அதே வடிகட்டி ஓடுகிறது. விசாரணை முடியும்வரை எதையும் தொடக் கூடாது, தொட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார் ஹரிகரன். என் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். அந்த மில்லுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அங்கேயும் மழை, அங்கேயும் ஆள் பற்றாக்குறை. காலையில் முதல் பஸ்.

நவம்பர் 7, வெள்ளி

வேடசந்தூர் மில்லின் மாஸ்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையான மனிதர். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் கேட்டைத் திறந்து, டீ வாங்கித் தந்து, ஷெட்டுக்கே அழைத்துப் போனார். உள்ளே கழுத்தில் பட்டையும் காதில் ஹெட்செட்டுமாகப் பெண்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. கார்டிங்கில் ஒரு பெண், குருவம்மா வயதுதான் இருக்கும், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தன் ஹெட்செட்டைத் தொட்டுக் காட்டி, அதில் பேசும்படி பட்டை, இடுப்புக் கணினி, ஹெட்செட் மூன்றையும் எடுத்து நீட்டினார். மாட்டிக்கொண்டேன்.

பேசவில்லை. குலவை போட்டேன்.

அன்று டீ வேளையில் எவ்வளவு முயன்றும் வராதது இன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாக்கு வறண்டு, கழுத்து நரம்பு பட்டைக்கு அடியில் துடித்தது.

மாஸ்டர் என் வாயைப் பார்த்தார், இடுப்புக் கணினியின் பச்சை விளக்கைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினார். அவர் குரல் மட்டும் என் காதுக்குள் தெளிவாக விழுந்தது. "பிரமாதம் மேடம். ஒண்ணுமே கேக்கல."

அவர் ஹெட்செட்டைக் கழற்றும்வரை நான் நிறுத்தவில்லை.